ஒரே மின்கட்டணம், நான்கு தீர்ப்புகள்: கட்டட ஆற்றல் விதிகளின் சொற்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம். தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து தளங்களும். தளத்துக்கு 1,000 சதுர மீட்டர், மொத்தம் 6,000. அடியில் வண்டிகள் நிறுத்த இன்னொரு 1,000 சதுர மீட்டர். மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகள், பின்புறம் ஒரு டீசல் ஜெனரேட்டர். ஆண்டுக்கு மின்வாரியத்திடம் வாங்குவது 6,60,000 யூனிட். ஜெனரேட்டர் தருவது 30,000. மொட்டைமாடி தருவது 72,000. ஏ.சி. போட்ட பரப்பு 3,100 சதுர மீட்டர்; மற்ற இடங்களில் மின்விசிறிதான்.

தேடிப் போக வேண்டாம். இது நான் தாளில் கட்டிய கட்டடம். நிஜக் கட்டடத்தை எடுத்தால் உரிமையாளர் ஒரு பரப்பைச் சொல்வார், வாடகைதாரர் ஒன்றைச் சொல்வார், வரி ரசீதில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். எது சரி என்ற பஞ்சாயத்திலேயே கட்டுரை முடிந்துவிடும். தாளில் கட்டியதால் அளவுகளில் சந்தேகமில்லை. அதன்மேல் வைத்துப் பார்க்கப்போகும் விதிகள் மட்டும் நிஜம்: 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும், ஈ.சி.பி.சி. எனப்படும் கட்டட விதித்தொகுப்பு, அலுவலகங்களுக்கான நட்சத்திரத் திட்டம், வீடுகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா.

கேள்வி எளிது. இந்தக் கட்டடம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறதா? ஒரு விளக்கைக்கூட மாற்றாமல், ஒரு யூனிட்டைக்கூட மிச்சம் பிடிக்காமல், இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்ல முடியும். பரப்பு, ஆற்றல், குளிரூட்டிய இடம், கட்டடம் ஆகிய சொற்களுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

முதலில் நேர்வழிக் கணக்கு

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பி.இ.இ., 2009-ல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அதே நட்சத்திரம்தான், கட்டடத்துக்கு. அளவுகோலின் பெயர் ஆற்றல் செயல்திறன் குறியீடு. துறைக்காரர்கள் ஈ.பி.ஐ. என்பார்கள். ஓராண்டு யூனிட்டை சதுர மீட்டரால் வகுத்தால் வருவது.

சென்னை வெப்ப-ஈரப்பத மண்டலத்தில் வருகிறது. இம்மண்டலத்தில், பாதிக்கு மேல் ஏ.சி. போட்ட கட்டடத்துக்குத் திட்டம் தொடங்கியபோது தந்த அட்டவணை இப்படி: 200 முதல் 175 வரை ஒரு நட்சத்திரம், 150 வரை இரண்டு, 125 வரை மூன்று, 100 வரை நான்கு, 100-க்குக் கீழே ஐந்து. பாதிக்குக் குறைவாக ஏ.சி. இருந்தால் வேறு அட்டவணை: 85-ல் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்கி, 45-க்குக் கீழே ஐந்து நட்சத்திரம்.

நம் கட்டடத்தில் வாங்கியதும் ஜெனரேட்டரில் எடுத்ததும் சேர்த்து 6,90,000 யூனிட். அதை 6,000-ஆல் வகுத்தால் 115. ஏ.சி. பரப்பு 51.7 விழுக்காடு, எனவே முதல் அட்டவணை. நான்கு நட்சத்திரம்.

இதுதான் விதிப்படி சரியான விடை. இனி ஒவ்வொரு சொல்லாக அசைத்துப் பார்ப்போம்.

பரப்பு

நம் ஊரில் ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது நான்கு பரப்புகள் உண்டு. திட்ட அனுமதிக்குப் போகும்போது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்பு குறியீட்டில் சேரும் பரப்பு; அதில் சில பகுதிகளுக்கு விலக்கு. சுவரோடு சேர்த்து அளக்கும் கட்டுமானப் பரப்பு. தரகர் சொல்லும் 'சூப்பர் பில்ட்-அப்'. அதில் படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் அறை வரை ஆளுக்கொரு பங்கு. நான்காவது, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுத்த கார்பெட் ஏரியா: வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் தண்டுவழி, தனிப் பால்கனி, தனி மொட்டைமாடி இவற்றைக் கழித்து, உள்தடுப்புச் சுவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பரப்பு.

ஈ.பி.ஐ. ஒரு பின்னம். மேலே யூனிட், கீழே பரப்பு. கீழே உள்ளது பெருக்கப் பெருக்க விடை சிறுக்கும். சூப்பர் பில்ட்-அப்பை வைத்து ஈ.பி.ஐ. போடுபவர், வாடகையில் கூட்டிக் காட்டிய அதே பரப்பைக் கொண்டு செலவைக் குறைத்துக் காட்டுகிறார். ஒரே பொய்யில் இரண்டு லாபம்.

இதைத் தடுக்கத்தான் நட்சத்திரத் திட்டம் கட்டுமானப் பரப்பு என்று சொல்லி, வண்டி நிறுத்தம், புல்தரை, சாலை ஆகியவற்றை வெளியே தள்ளியது. 2017-ஆம் ஆண்டின் ஈ.சி.பி.சி. இதையே சற்று வேறு விதமாகச் சொல்கிறது: குளிரூட்டப்படாத பேஸ்மென்ட் நீங்கலான மொத்தக் கட்டுமானப் பரப்பு. அருகருகே வைத்துப் படித்தால் இடைவெளி தெரியும். பேஸ்மென்டில் ஒரு பாதியை ஆவண அறையாக்கி ஏ.சி. போட்டால்? பேஸ்மென்ட் இல்லாமல் தரைத்தளத்தையே தூண்கள்மேல் தூக்கிவிட்டு அடியில் வண்டி நிறுத்தினால்? முதல் விதி 'எதற்குப் பயன்படுகிறது' என்று கேட்கிறது. இரண்டாவது விதி 'எங்கே இருக்கிறது, குளிர்ந்திருக்கிறதா' என்று கேட்கிறது. பெரும்பாலான கட்டடங்களில் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். வராத கட்டடத்தில்தான் வழக்கு வரும்.

நம் கட்டடத்துக்கு வருவோம். உரிமையாளர் தரப்பில் ஒருவர், அறியாமலோ அறிந்தோ, பேஸ்மென்டைச் சேர்த்து 7,000-ஆல் வகுக்கிறார் என்று வைப்போம். 98.6. நூறுக்குக் கீழே! ஐந்து நட்சத்திரம் என்று பலகைக்குச் சொல்லி அனுப்புவதற்குள் இன்னொரு பின்னத்தைப் பார்க்க வேண்டும். ஏ.சி. பரப்பு அதே 3,100 தான். மொத்தம் 7,000 ஆகிவிட்டதால் விகிதம் 44 விழுக்காடாக இறங்குகிறது. கட்டடம் இரண்டாவது அட்டவணைக்குப் போய்விடும். அங்கே 85-க்கு மேல் நட்சத்திரமே இல்லை. ஐந்தை எட்டிப் பிடிக்கப் போய் நான்கும் கைவிட்டுப் போகிறது. ஒரு சொல்லின் பொருளை நீட்டினால் அது இன்னொரு சொல்லின் கணக்கையும் இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆற்றல்

பின்னத்தின் மேற்பாதிக்கு வருவோம். மொட்டைமாடியில் விளையும் 72,000 யூனிட்டையும் இந்தக் கட்டடமேதான் தின்கிறது. அதையும் கூட்டினால் 7,62,000, ஈ.பி.ஐ. 127; மூன்று நட்சத்திரம். ஆனால் நட்சத்திரத் திட்டம், வளாகத்திலேயே புதுப்பிக்கத்தக்க வழியில் எடுத்த மின்சாரத்தைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. அதனால்தான் நம் விடை 115.

இது நியாயமா? இரண்டு பக்கமும் பேசலாம். கட்டடத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், சூரியத் தகட்டின் மின்சாரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, அந்தக் கண்ணாடி கொண்டுவரும் வெப்பத்தை விரட்ட ஏ.சி. ஓட்டி, அந்த ஏ.சி.க்கு மாடியில் தகடு போட்டவர் கட்டடத்தைத் திருத்தவில்லை. தகடு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிதான் கேள்வி என்றால், கழிப்பதே சரி. 2009-ல் மொட்டைமாடித் தகடு அபூர்வம்; அதற்கு ஊக்கம் தர வேண்டியிருந்தது. தகடு மலிந்த இந்நாளில் இந்த விலக்கு கட்டடத்தின் குறையை மூடும் போர்வையாகவும் ஆகிவிடுகிறது. நான் முதல் கட்சி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னால் ஒரு சண்டையும் இராது.

ஜெனரேட்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. அது தந்த 30,000 யூனிட் கணக்கில் உண்டு. அது குடித்த டீசல் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஜெனரேட்டர் அதிலிருந்து மின்சாரமாகத் தருவது மூன்று, மிஞ்சினால் மூன்றரை. மீதி புகையாகவும் சூடாகவும் போகிறது. அதாவது 'ஆற்றல்' என்று தலைப்பில் இருந்தாலும் எண்ணப்படுவது மின்சாரம் மட்டுமே. உணவகத்தில் மின் அடுப்பை எடுத்துவிட்டு காஸ் அடுப்பு வைத்தால் ஈ.பி.ஐ. இறங்கும், ஆற்றல் செலவு இறங்கியதா என்பது வேறு கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் வெளியிட்ட கட்டட ஆற்றல் வழிகாட்டுச் சட்டம் இதற்காகவே 'முதன்மை ஆற்றல்' என்ற அளவைக் கேட்கிறது. மின்சாரமோ, காஸோ, எதுவானாலும் மூலத்தில் எவ்வளவு எரிபொருள் தேவைப்பட்டது என்று பின்னோக்கிப் பெருக்கி, ஒரே அளவாக்கிப் பார்ப்பது. குளிர்நாட்டில் காஸும் எண்ணெயும் எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். மின்சாரத்தை மட்டும் எண்ணினால் பாதிக் கதை விட்டுப்போகும். நம் அலுவலகங்களில் செலவின் பெரும்பகுதி மின்சாரம்தான் என்பதால் மின்கட்டண ரசீதே போதும் என்று இங்கே முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் எனக்குக் குறையில்லை; பெயர்தான் உறுத்துகிறது.

குளிரூட்டிய இடம்

இந்த ஆய்வின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பாதிக்கு மேல் ஏ.சி. இருந்தால் ஓர் அட்டவணை, பாதிக்குக் கீழே இருந்தால் வேறு. ஏன் இரண்டு? ஏ.சி. இல்லாத அரசு அலுவலகத்தையும் கண்ணாடி மாளிகையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நடுவில் சரிவு இல்லை. செங்குத்துப் பள்ளம் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 60 யூனிட் செலவழிக்கும் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. பரப்பு 51 விழுக்காடு என்றால் ஐந்து நட்சத்திரம். 49 என்றால் மூன்று. செலவு அதே 60.

நம் கட்டடத்தின் 3,100 சதுர மீட்டரில் 150 சதுர மீட்டர் ஒரு கூட்ட அரங்கம் என்று வைப்போம். மாதம் இரண்டு கூட்டம் நடக்கும். அதில் ஏ.சி. பெட்டி இருக்கிறது. அது குளிரூட்டிய இடமா? அட்டவணை பரப்பைத்தான் கேட்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பதில்லை. 'பெட்டி இருக்கிறது, ஆகவே குளிரூட்டிய இடம்' என்றால் நான்கு நட்சத்திரம். 'பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது, ஆகவே இல்லை' என்று ஒருவர் கழித்தால் 2,950 ஆகும்; 49.2 விழுக்காடு; இரண்டாவது அட்டவணை; 115-க்கு அங்கே இடமில்லை; நட்சத்திரம் பூஜ்யம்.

இப்போது அந்த உரிமையாளரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். நட்சத்திரம் வேண்டும். பாதியைத் தாண்ட இன்னும் 50 சதுர மீட்டரும் கொஞ்சமும் போதும். 60 சதுர மீட்டர் நடைக்கூடத்தில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. இரண்டு மாட்டுகிறார். இரண்டும் சேர்ந்து மணிக்கு 3 யூனிட் இழுத்து, ஆண்டுக்கு 2,500 மணி நேரம் ஓடினால் 7,500 யூனிட் கூடுதல். ஈ.பி.ஐ. 115-லிருந்து 116-க்குச் சற்று மேலே போகிறது. நட்சத்திரமோ பூஜ்யத்திலிருந்து நான்காகிறது. காற்று வந்துகொண்டிருந்த நடைக்கூடத்தை அடைத்து ஏ.சி. போட்டதற்குச் சிக்கனப் பரிசு.

திட்டத்தை வகுத்தவர்கள் இதை விரும்பியிருக்க மாட்டார்கள். 'குளிரூட்டிய' என்ற சொல்லை ஆம்-இல்லை என்று வெட்டி, அதன்மேல் பாதி என்ற ஒரு கோட்டைப் போட்டதன் விளைவு இது. ஏ.சி. விகிதம் கூடக் கூட அனுமதிக்கும் எண்ணும் படிப்படியாகக் கூடும்படி ஒரு சாய்கோடு வரைந்திருந்தால் இந்தப் பள்ளம் இராது.

ஏ.சி.க்கும் மின்விசிறிக்கும் நடுவே ஒரு மூன்றாம் வகை உண்டு என்பதை ஆய்வாளர்கள் எண்களிலேயே காட்டியிருக்கிறார்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இந்திய அலுவலகங்களில் ஆராய்ந்து உருவாக்கிய தகவமைப்புச் சுக மாதிரி, இயற்கைக் காற்றோட்டம், கலப்பு முறை, முழு ஏ.சி. என்று மூன்றாகப் பிரிக்கிறது. வெளிவெப்பம் ஒரு டிகிரி கூடினால் இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்தில் இருப்பவர் உள்ளே 0.54 டிகிரி கூடுதலாகப் பொறுத்துக்கொள்வார். கலப்பு முறையில் 0.28, முழு ஏ.சி.யில் 0.078 தான். உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ அதைக் கேட்கிறது. 2017 ஈ.சி.பி.சி. இந்த மாதிரியை ஏற்றுக்கொண்டது. 2009 நட்சத்திர அட்டவணையின் பாதிக்கோடு இரண்டு வகையோடு நின்றுவிட்டது.

ஒரு பெயர், இரண்டு ஆட்கள்

ஈ.பி.ஐ. என்ற சொல்லே இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது.

நட்சத்திரத் திட்டத்தில் அது ரசீதிலிருந்து வருகிறது. கட்டடத்தில் ஆள் குடியேறி, ஓராண்டு ஓடி, கட்டணம் கட்டிய பிறகு. ஈ.சி.பி.சி.யில் அது கணினியிலிருந்து வருகிறது. கட்டப்போகும் கட்டடத்தை மென்பொருளில் ஓட்டி ஓர் எண்; அதே வடிவத்தில் விதித்தொகுப்பின் குறைந்தபட்ச அளவுகளை மட்டும் நிறைவேற்றும் கற்பனைக் கட்டடத்தை ஓட்டி இன்னோர் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஈ.பி.ஐ. விகிதம். அது ஒன்றைத் தாண்டக்கூடாது. ஈ.சி.பி.சி. பிளஸ், சூப்பர் ஈ.சி.பி.சி. ஆகிய மேல்படிகளுக்கு இன்னும் இறங்க வேண்டும்.

கணினி விகிதம் 0.8 வந்த கட்டடம் ரசீதில் இரண்டு நட்சத்திரம் வாங்கலாம். பொய் எங்கேயும் இல்லை. விகிதம் கட்டடத்தின் உடம்பைப் பற்றிச் சொல்கிறது. ரசீது அதில் குடியிருப்பவரின் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இரவு முழுதும் விளக்கெரிக்கும் வாடகைதாரர் வந்தால் வடிவமைத்தவர் என்ன செய்வார்? கால் சென்டர்கள் வந்தபோது பி.இ.இ.யே இதை எதிர்கொண்டு, அவற்றுக்கு மட்டும் மணிக்கணக்கில் பார்க்கும் தனி ஈ.பி.ஐ. வகுத்தது. நம் 115 யூனிட்டை ஆண்டுக்கு 2,500 மணி நேரம் இயங்கும் அலுவலகமாகப் பார்த்தால் சதுர மீட்டருக்கு மணிக்கு 46 வாட்-மணி. 24 மணி நேரமும் இயங்குவதாகப் பார்த்தால் 13.

பிரிட்டன் இதில் சொல்லைப் பிரித்துக்கொண்டது. இங்கிலாந்து, வேல்ஸ் விதிகளில் கட்டடத்தின் உடம்புக்கு ஒரு மதிப்பீடு, ஓராண்டு பயன்பாட்டுக்கு வேறு மதிப்பீடு. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு சான்றிதழ். பொதுமக்கள் அடிக்கடி வந்துபோகும் அரசுக் கட்டடங்கள் இரண்டாவதை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். 2008-ல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு இருந்த அந்தக் கட்டாயம் 2013-ல் 500 ஆகி, 2015-ல் 250 வரை இறங்கியது. அங்கேயும் குழப்பங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்தக் குழப்பம் இல்லை.

இது கட்டடமா?

தமிழில் 'கட்டடம்' சரியா 'கட்டிடம்' சரியா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. கட்டியது கட்டடம், கட்டிய இடம் கட்டிடம் என்பார் ஒரு சாரார். சட்டத்தின் வரையறையைப் படித்த பிறகு அந்தச் சண்டை எனக்குச் சாதுவாகத் தெரிகிறது.

எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு கட்டடத்தைச் சுவரால் சொல்லவில்லை, கூரையால் சொல்லவில்லை. மின்சுமையால் சொல்கிறது. 2001-ல் 500 கிலோவாட் இணைப்புச் சுமை (உள்ளே இருக்கும் சாதனங்களின் மொத்த அளவு) அல்லது 600 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த உச்ச அளவு), அதற்கு மேல் இருந்து வணிக நோக்கத்துக்கானதாகவும் இருந்தால்தான் அது கட்டடம். 2010-ல் இது 100 கிலோவாட், 120 கே.வி.ஏ. என்று இறங்கியது. இரண்டு ஜோடியிலும் விகிதம் ஒன்றே: திறன்காரணி, அதாவது கே.வி.ஏ.வில் கிலோவாட்டாக வேலைக்கு வரும் பங்கு, 0.83 என்று வைத்துப் போட்டது போலும். மூல வரையறையில் ஒரு காலக்கோடும் இருந்தது: விதித்தொகுப்பு அறிவிக்கப்பட்ட பிறகே 'கட்டடம்'. அதற்கு முன் எழுந்து நிற்பது எத்தனை மாடியானாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் கட்டடமல்ல. ஏற்கெனவே இருப்பவற்றைப் பின்னர் திருத்தித்தான் சேர்த்தார்கள்.

ஏன் மின்சுமை? எனக்குத் தோன்றும் காரணம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியல், மின்சாரம் பொதுப்பட்டியல். மத்திய மின்துறை ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டுமானால் வாசல் வழியாக வர முடியாது. மீட்டர் வழியாகத்தான் வர முடியும். 2007-ல் வந்த முதல் ஈ.சி.பி.சி. இதை வாசகருக்குப் புரியவைக்க, பொதுவாக 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் குளிரூட்டிய பரப்புள்ளவை இந்த வகையில் வரும் என்று ஒரு வரி சேர்த்தது. சுமையைப் பரப்பாக மொழிபெயர்க்கும் முயற்சி.

நம் கட்டடத்தின் இணைப்புச் சுமை 320 கிலோவாட் என்போம். உள்ளே இருக்கும் எல்லாச் சாதனங்களின் அளவையும் கூட்டினால் வருவது அது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் மின்வாரியத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத் தேவை 200 கே.வி.ஏ. இருக்கலாம். 'அல்லது' என்ற சொல் இரண்டில் எது தாண்டினாலும் பிடிக்கும். உயரழுத்த இணைப்பு ஒன்றே ஒன்று இருந்தால் சிக்கலில்லை.

தளத்துக்கு ஒரு வாடகைதாரர், தளத்துக்கு ஒரு தனி மீட்டர், ஒவ்வொன்றும் 50 கிலோவாட். லிஃப்ட், பம்ப், படிக்கட்டு விளக்குக்குப் பொது மீட்டர் 20 என்றால்? மொத்தம் அதே 320. எந்த ஒரு மீட்டரும் நூறைத் தொடவில்லை. வரையறையில் 'கட்டுமானம் அல்லது அதன் பகுதி' என்று இருக்கிறது. பகுதியைச் சேர்த்தது தப்பிக்காமல் பிடிக்கத்தான். ஆனால் ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பகுதி, எதுவும் நூறு இல்லை என்று வாதிடவும் அதே சொல் இடம் கொடுக்கிறது. எழுந்து நிற்பது ஒரே அஸ்திவாரத்தின்மேல், ஒரே கூரையின்கீழ் என்பதால் சுமையைக் கூட்டியே பார்க்க வேண்டும் என்பது என் வாசிப்பு. வடிவமைப்பு நிலையில் ஈ.சி.பி.சி.யும் வளாகம் முழுவதையும் சேர்த்தே பேசுகிறது. வரைபடத்தை வைத்துக் கேட்டால் ஒரு விடை, மீட்டர் அட்டையை வைத்துக் கேட்டால் வேறு விடை வரும் கேள்வியை வரையறைக்குள் விட்டுவைத்திருக்க வேண்டியதில்லை.

2022 திருத்தம் வணிகத்தோடு அலுவலகத்தையும் குடியிருப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நூறைவிடக் குறைந்த எல்லையை மாநிலங்கள் வகுத்துக்கொள்ளலாம் என்றது. குடியிருப்பு உள்ளே வந்ததும் மீட்டர் சிக்கல் பல மடங்காகிறது. நாற்பது வீடு, வீட்டுக்கு 5 கிலோவாட், நாற்பது மீட்டர். கூட்டினால் 200. கூட்டாவிட்டால் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வேறு வாசல்

2018 டிசம்பரில் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா இந்த முடிச்சை அவிழ்க்காமல் சுற்றிப் போனது. வீடுகளுக்கு நுழைவு எல்லையாக அது வைத்தது மின்சுமையை அல்ல, மனையின் பரப்பை: 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்கு ஒரு துளி குறைவு. மனை பத்திரத்தில் இருக்கிறது. யாரும் அதை ஆறு மீட்டராகப் பிரிக்க முடியாது. வரையறை என்றால் இப்படி இருக்க வேண்டும். மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில் எழும் எட்டு வீட்டு அடுக்கு இதில் வராது என்பது வேறு விஷயம்.

உள்ளே போனால் இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கலாம்.

ஒன்று, ஆர்.ஈ.டி.வி. வெளிச்சுவரும் ஜன்னலும் வழியாக உள்ளே வரும் வெப்பத்தின் சராசரி. சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. கூரை இதில் இல்லை. கூரைக்குத் தனி வரம்பு. நம் மண்டலத்துக்கான சூத்திரத்தில் மூன்று பெருக்கெண்கள்: சுவருக்கு 5.15, கண்ணாடி கடத்தும் வெப்பத்துக்கு 1.31, கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு 65.21. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், விதி எதற்குப் பயப்படுகிறது என்று தெரியும். திசை வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு ஒரு தோராயக் கணக்கு: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 80 விழுக்காடு, அதன் யு-மதிப்பு (வெப்பத்தைக் கடத்தும் அளவு) 2, ஒற்றைக் கண்ணாடி 20 விழுக்காடு, யு-மதிப்பு 5.7, வெயிலை உள்ளே விடும் எண் 0.6. சுவர் 8.24, கண்ணாடி 1.49, வெயில் 7.83, மொத்தம் 17.6. தேறவில்லை. நல்ல சன்ஷேட் போட்டு 0.6-ஐ 0.4 ஆக்கினால் வெயிலின் பங்கு 5.2 ஆகி மொத்தம் 14.95. தேறிவிட்டது. செங்கல்லை மாற்றவில்லை, விலையுயர்ந்த கண்ணாடி வாங்கவில்லை. ஜன்னலுக்கு மேல் தாத்தா காலத்து நிழல்.

மற்றொன்று, திறக்கும் பரப்பு. ஜன்னலில் காற்றுக்குத் திறக்கும் பகுதி, வீட்டின் கார்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நம் மண்டலத்தின் விதி. வெப்ப-வறண்ட மண்டலத்துக்குப் பத்தில் ஒன்று போதும். அங்கே பகல் காற்று அனல், இங்கே காற்று நின்றால் வேர்வை. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி திறக்க வேண்டும். 'திறக்கும்' என்பதற்கும் அளவு உண்டு: கீலில் திறக்கும் ஜன்னலுக்கு 90 விழுக்காடு, இரண்டு பலகை ஸ்லைடிங்குக்குப் பாதி. எந்நேரமும் ஒரு பலகை இன்னொன்றின் பின்னால் நிற்கிறதல்லவா! அடுக்குமாடிகளில் இப்போது எங்கு பார்த்தாலும் ஸ்லைடிங்தான். அதில் நூறு அடி திறக்க இருநூறு அடி ஜன்னல் வைக்க வேண்டும். அந்த இருநூறும் கண்ணாடி, 65.21 அங்கே காத்திருக்கிறது. காற்றுக்காக ஜன்னலைப் பெரிதாக்கினால் வெயில் கணக்கில் தோற்கிறது. வெயிலுக்காகச் சிறிதாக்கினால் காற்றுக் கணக்கில் தோற்கிறது. இரண்டிலும் தேறும் மலிவான வழி, பழைய வீடுகளில் இருந்த, முழுசாகத் திறக்கும் கதவு வைத்த ஜன்னல்.

பால்கனிக்குத் திறக்கும் கதவு இந்தக் கணக்கில் சேரும். நடைக்கூடத்தைப் பார்த்த ஜன்னலும் சேரும். நடைக்கூடத்துக்குத் திறக்கும் கதவு சேராது. அடுக்குமாடி வீட்டில் அப்படித் திறப்பது பெரும்பாலும் வாசற்கதவு ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் கதவு காற்று தராது என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். மே மாதம் கரண்ட் போன மத்தியானத்தில் எந்த மாடிக்காவது ஏறிப் பாருங்கள். வரிசையாக எல்லா வாசற்கதவும் திறந்திருக்கும், கிரில் கதவு மட்டும் சாத்தியிருக்கும்.